மூச்சுக்கு மருந்து வயிற்றிலா? தெரியுமா, தெரியுமா!

நாலு படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. விடிகாலை இருமல் சளியைக் கொண்டுவராமல் அடங்குவதில்லை. பனிக்காலம் வந்தாலே ஆஸ்பத்திரி வாசம்தான். இப்படி அவதிப்படுகிறவரின் நெஞ்சில்தான் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைப்பார். அவருடைய குடலைப் பற்றி யாராவது நினைப்பார்களா? நினைக்கிறார்கள்! ஆஸ்திரேலியாவில், தைவானில், சுவிட்சர்லாந்தில், பிரேசிலில் நுரையீரல் ஆராய்ச்சியாளர்கள் வயிற்றுக்குள் வாழும் நுண்ணுயிர்களைத் துருவித் துருவி ஆராய்கிறார்கள். நுரையீரலில் கனலும் அழற்சியைக் குடல் வழியாகத் தணிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைச் சுற்றிக் குவிந்திருக்கும் அதிசயங்கள் ஒன்றா, இரண்டா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

உயிர் பறிப்பதில் நான்காவது இடம் எந்த நோய்க்குத் தெரியுமா?

'சிஓபிடி' என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு! உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேர் இதற்குப் பலியானார்கள். இந்தியாவில் 1990-ல் ஏறத்தாழ 2.8 கோடி பேருக்கு இருந்த நோய், 2016-ல் 5.5 கோடி பேரைப் பிடித்துவிட்டது.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு மட்டும்தான் இது வரும் என்று நினைக்கிறீர்களா? இந்தியாவில் இந்த நோய் தரும் பாரத்தில் பாதிக்கு மேல் காற்று மாசின் கணக்கில்தான் சேர்கிறது. புகையிலையின் பங்கு கிட்டத்தட்ட கால்வாசி. ஆயுளில் ஒரு பீடியைக்கூடத் தொடாமல், விறகடுப்பின் முன் உட்கார்ந்து ஊதாங்குழலால் ஊதி ஊதியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட பாட்டிகள் நம் கிராமங்களில் எத்தனை பேர்!

நுரையீரலை அரிப்பது புகை மட்டும்தானா?

இல்லை, நம் சொந்தப் பாதுகாப்புப் படையும் சேர்ந்துதான் அரிக்கிறது! நம் நுரையீரலில் சராசரியாக 48 கோடி காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் விரிந்து சுருங்க, எலாஸ்டின் என்ற நெகிழ்வான புரதம் உதவுகிறது. புகை உள்ளே நுழைந்ததும் அங்கே காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் அபாயச் செய்தி அனுப்புகின்றன. உடனே இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் படைபடையாக வந்து இறங்குகின்றன. கிருமியைக் கொல்ல அவை வைத்திருக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி, நுண்ணறைகளின் எலாஸ்டினையே கரைக்கத் தொடங்கிவிடுகிறது!

நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு உற்பத்தி செய்யும் நியூட்ரோஃபில்கள் ஏறக்குறைய 10,000 கோடி. ஆக, படைக்குப் பஞ்சமே இல்லை. புகைப்பதை விட்ட பிறகும் இந்த அழற்சி வெகுகாலம் தொடர்வதுண்டு. ஸ்டீராய்டு மருந்துகளுக்கும் நியூட்ரோஃபில் வகை அழற்சி எளிதில் மசிவதில்லை. அதனால்தான் விஞ்ஞானிகள் வேறு வழி தேடினார்கள். அந்தத் தேடல் அவர்களைக் குடலுக்குக் கொண்டுபோய் விட்டது.

குடலும் நுரையீரலும் உடன்பிறப்புகள் என்று தெரியுமா?

தாயின் வயிற்றில் கரு நான்காவது வாரத்தில் இருக்கும்போது அதற்கு நுரையீரலே கிடையாது. உணவுப் பாதையாக மாறப்போகும் முன்குடல் குழாயிலிருந்து ஒரு சின்ன மொட்டு எட்டிப் பார்க்கிறது. அது இரண்டாகக் கிளைத்து, மேலும் மேலும் கிளைத்துத்தான் நம் இரண்டு நுரையீரல்களாகிறது! இரண்டுக்கும் ஒரே வேர். இரண்டும் வெளியுலகத்தை நேரடியாகச் சந்திக்கின்றன, ஒன்று காற்றின் வழியாக, மற்றொன்று சோற்றின் வழியாக. இரண்டிலும் சளிப்படலம், இரண்டிலும் எதிர்ப்பு அணுக்களின் காவல். இந்தச் சொந்தத்துக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் 'குடல்-நுரையீரல் அச்சு'.

அழற்சி அணுவையும் தயிர் மகிமையையும் உலகுக்குச் சொன்னவர் ஒரே மனிதர்!

1882-ஆம் ஆண்டு, இத்தாலியின் மெசினா நகரம். எலீ மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போலத் தெளிந்த நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ஒரு முள்ளைக் குத்திவைத்துவிட்டுக் காத்திருந்தார். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால், நகரும் அணுக்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து மொய்த்துக்கொண்டிருந்தன! அந்நியப் பொருளை விழுங்கும் அணுக்கள் உடலில் உண்டு என்ற மாபெரும் உண்மைக்கு அதுதான் திறவுகோல். அதற்காக 1908-ல் பால் எர்லிக்கோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

அதே மெட்ச்னிகாஃப்தான் பிற்காலத்தில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்துகொண்டு, பல்கேரிய விவசாயிகளின் நீண்ட ஆயுளுக்கு அவர்கள் தினமும் உண்ணும் புளித்த பால்தான் காரணமாக இருக்கும் என்று வாதாடினார்! அந்தத் தயிரிலிருந்த நுண்ணுயிரை 1905-ல் கண்டுபிடித்திருந்தவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற இளம் பல்கேரிய மருத்துவர். இன்று சிஓபிடி ஆராய்ச்சியில் சந்தித்துக்கொள்ளும் இரண்டு பாத்திரங்கள் விழுங்கும் அணுவும் நன்மை செய்யும் நுண்ணுயிரும். நூறு வருஷத்துக்கு முன்பே இரண்டும் ஒரே மனிதரின் மேசையில் இருந்திருக்கின்றன. எப்பேர்ப்பட்ட பொருத்தம்!

உங்களுக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் தெரியுமா?

சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள்! 2016-ல் வெளியான கணக்கு இது. நம் உடலின் சொந்த அணுக்கள் 30 லட்சம் கோடிதான். கூட்டத்தில் நாம்தான் சிறுபான்மை! இத்தனைக்கும் அந்தப் பாக்டீரியாக்கள் அத்தனையின் எடையும் சேர்ந்து கால் கிலோகூட வராது. பெரும்பாலானவை வசிப்பது பெருங்குடலில்.

நுரையீரலோ கிருமியே இல்லாத சுத்தமான இடம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2010-ல் லண்டன் ஆய்வாளர்கள் மரபணு முறையில் தேடியபோது, ஆரோக்கியமானவர்களின் மூச்சுக்குழாயிலும் பாக்டீரியாக் கூட்டம் இருப்பது தெரிந்தது. ஆஸ்துமா, சிஓபிடி உள்ளவர்களிடம் அந்தக் கூட்டத்தின் கலவையே மாறியிருந்தது!

தவிடும் கீரையும் எலும்பு மஜ்ஜையை மாற்றுமா?

மாற்றுகின்றன என்றால் நம்புவீர்களா? நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடலின் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், ப்யூட்டிரேட் என்ற குட்டைச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கின்றன. பெருங்குடலின் உட்சுவர் அணுக்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 விழுக்காட்டைத் தருவது ப்யூட்டிரேட்தான்!

கதை அங்கே முடியவில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பெஞ்சமின் மார்ஸ்லாண்ட் குழுவினர் எலிகளுக்கு நார்ச்சத்து மிகுந்த உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அந்த அமிலங்கள் இரத்தத்தில் ஏறின. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் எதிர்ப்பு அணுக்களின் குணமே மாறியது. அவை நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒவ்வாமை அழற்சியைப் பெரிதாக வளரவிடவில்லை! 2014-ல் வெளியான அந்த ஆய்வு, சாப்பாட்டுத் தட்டிலிருந்து குடலுக்கும், குடலிலிருந்து மஜ்ஜைக்கும், மஜ்ஜையிலிருந்து நுரையீரலுக்கும் போகும் பாதையைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மனிதர்களிடம்? ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், நார்ச்சத்து, குறிப்பாகத் தானிய நார்ச்சத்து, நிறையச் சாப்பிட்டவர்களுக்கு சிஓபிடி குறைவாக வந்திருக்கிறது.

குடல் வெறிச்சோடினால் நுரையீரல் காவலர் சோர்ந்துபோவார், தெரியுமா?

நெதர்லாந்தில் ஒரு பரிசோதனை. ஆன்டிபயாடிக் கொடுத்து எலிகளின் குடல் நுண்ணுயிர்களை ஒழித்தார்கள். பிறகு நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியை மூக்கில் விட்டார்கள். கிருமி தாறுமாறாகப் பெருகியது! அந்த எலிகளின் நுரையீரலில் இருந்த மேக்ரோஃபேஜ்கள் கிருமியை விழுங்கும் வேகத்தை இழந்திருந்தன. குடல் நுண்ணுயிர்களைத் திரும்பக் குடியேற்றியதும் நுரையீரலின் கிருமி எண்ணிக்கை பழைய நிலைக்கு இறங்கிவிட்டது.

2018-ல் அமெரிக்காவிலிருந்து இன்னொரு வியப்பு வந்தது. எலியின் குடலில் இருந்த ஒருவகை எதிர்ப்பு அணுக்கள், அபாய அழைப்பு வந்ததும் குடலை விட்டுக் கிளம்பி நுரையீரலுக்கே பயணம் போவதைக் கண்ணாரக் கண்டார்கள்!

சிஓபிடி உள்ளவரின் குடல் வேறுமாதிரி இருக்குமா?

இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020-ல் சிஓபிடி நோயாளிகளின் மலத்தையும் ஆரோக்கியமானவர்களின் மலத்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் தெரிந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் நோயாளிகளிடம் கூடியிருந்தன.

நெதர்லாந்தில் 2014-ல் கண்டது இன்னும் மனதைத் தொடுகிறது. வீட்டில் அன்றாடம் செய்கிற வேலைகளைச் செய்தாலே சிஓபிடி நோயாளிகளின் குடற்சுவர் அணுக்கள் காயப்படுகின்றன, சுவரின் கசிவு கூடுகிறது! போதிய ஆக்சிஜன் கிடைக்காத உடலில் குடலும் திணறுகிறது. கசியும் குடலிலிருந்து பாக்டீரியாக் கழிவுகள் இரத்தத்தில் கலந்தால் அழற்சிக்கு மேலும் வேகம் பிறக்கும். மூச்சுத் திணறல் முற்றும்போது பலருக்கு ஆன்டிபயாடிக் தவிர்க்க முடியாத மருந்தாகிறது. அதுவும் குடலின் நல்ல குடிகளைச் சேர்த்தே அழிக்கிறது. இந்தச் சுழலை எங்கே அறுப்பது?

தைவானில் கிடைத்த அமைதித் தூதுவர்!

சிகரெட் புகையில் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு ஆரோக்கியமான எலிகளின் குடல் நுண்ணுயிர்களை மாற்றிக் கொடுத்தபோது நுரையீரல் பாதிப்பு குறைந்தது. எந்த நுண்ணுயிர் இதைச் செய்தது என்று தேடிய தைவான் விஞ்ஞானிகளிடம் சிக்கியது பாராபாக்டீராய்ட்ஸ் கோல்ட்ஸ்டீனி. அதன் வெளியுறையில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள்தான் வேலையைச் செய்தது.

இதில் என்ன ஆச்சரியம் என்கிறீர்களா? லிப்போபாலிசாக்கரைடு என்றாலே அழற்சியைக் கிளப்பிவிடும் பொருள் என்றுதான் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். கிருமி வந்துவிட்டது என்று கூவும் டிஎல்ஆர்-4 என்ற உணர்வியை அதுதான் தூண்டும். இந்த நுண்ணுயிரின் லிப்போபாலிசாக்கரைடு அதே உணர்வியில் போய் உட்கார்ந்துகொண்டு, கூவவிடாமல் அடக்கிவைக்கிறது! அபாயம் விளைவிக்கும் என்று பெயரெடுத்த ஒரு மூலக்கூறு, இங்கே அழற்சியை அடக்கும் மருந்தாகிறது. 2022-ல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது சிலிர்த்துப்போனேன்.

புரோபயாடிக் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கொடுத்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள்! பிரேசிலில் சிகரெட் புகையால் நுரையீரல் கெட்ட எலிகளுக்கு லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஊட்டியபோது, நுரையீரலில் அழற்சி அணுக்களும் நுண்ணறைச் சிதைவும் குறைந்தன. இத்தாலியில் 72 புகைப்பழக்கக்காரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மூன்று வாரம் லாக்டோபேசிலஸ் காசி ஷிரோட்டா கொடுத்தார்கள். புகையால் மங்கிப்போகும் இயற்கைக் கொல்லி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்களின் சுறுசுறுப்பு அவர்களிடம் கூடியது! ஜப்பானின் மினோரு ஷிரோட்டா 1930-ல் வளர்த்தெடுத்த அதே நுண்ணுயிர்தான் இது. இன்றைக்குக் குட்டிக் குட்டி பாட்டில்களில் நம்மூர்க் கடைகளுக்கும் வந்துவிட்டது.

ஒடிசாவின் கைக்குழந்தைகள் உலகுக்குக் காட்டிய வழி!

நுரையீரலுக்கும் குடல் நுண்ணுயிருக்கும் உள்ள தொடர்பைப் பேசும்போது, இந்திய மண்ணில் நடந்த இந்தப் பரிசோதனையைச் சொல்லாமல் விட முடியுமா? பினாகி பாணிக்ரஹி தலைமையில் ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகள் இதில் பங்கேற்றன. ஒரு பாதிக்கு ஏழே ஏழு நாள் லாக்டோபேசிலஸ் பிளாண்டாரம், அதன் உணவான ஒருவகைச் சர்க்கரையோடு. மறு பாதிக்கு மருந்தில்லாத பொடி. இரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸும் மரணமும் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாக இறங்கின! அத்தோடு, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத பரிசாக, நுரையீரல் தொற்றும் குறைந்தது. வாய்வழி போன நுண்ணுயிர் நெஞ்சையும் காத்தது. 2017-ல் இந்த முடிவு வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்படியானால் மாத்திரை வாங்கி விழுங்கிவிடலாமா?

பொறுங்கள், பொறுங்கள்! இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கனடா, அமெரிக்கா, சவுதி அரேபியாவில் 44 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செயற்கைச் சுவாசத்தில் இருந்த 2,650 பேரிடம், நிமோனியாவைத் தடுக்குமா என்று லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி சோதிக்கப்பட்டது. முடிவு 2021-ல் வந்தது. புரோபயாடிக் பெற்றவர்களில் 21.9 விழுக்காட்டினருக்கு நிமோனியா, பெறாதவர்களில் 21.3 விழுக்காட்டினருக்கு. எந்தப் பயனும் இல்லை! அதோடு, புரோபயாடிக் பெற்றவர்களில் 15 பேருக்கு, கிருமியே இருக்கக்கூடாத உடற்பகுதிகளிலோ, மற்றப் பகுதிகளில் முதன்மைக் கிருமியாகவோ அதே நுண்ணுயிர் முளைத்திருந்தது.

சிஓபிடி நோயாளிகளுக்கு இந்த புரோபயாடிக்கைத்தான் கொடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லும் பெரிய மனிதச் சோதனை இன்னும் வரவில்லை. எலிகளும் ஆய்வுக்கூட அணுக்களும் தரும் நம்பிக்கை பெரியது. ஆனால் அதை மருந்துச் சீட்டாக மாற்றும் வேலை மிச்சமிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் ஸ்டீராய்டு அதிகம் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது.

'புரோபயாடிக்' என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றா?

மாம்பழம் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் மல்கோவாவும் நீலமும் ஒரே ருசியா? நுண்ணுயிர்களும் அப்படித்தான். ஒரே இனத்துக்குள்ளேயே ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு குணம். அதனால்தான் பெயரின் கடைசியில் ஜிஜி, ஷிரோட்டா என்றெல்லாம் அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஜிஜி, அதைக் கண்டெடுத்த கோர்பாக், கோல்டின் இருவரின் முதலெழுத்துகள்! 2001-ல் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் கூடிய நிபுணர்கள் வகுத்த இலக்கணப்படி, நுண்ணுயிர் உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவில் இருக்க வேண்டும், உடலுக்கு நன்மை செய்ய வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் புரோபயாடிக்.

இட்லி புரோபயாடிக்கா? பழைய சோறு?

இட்லி மாவைப் பொங்கவைப்பது லியூக்கோநாஸ்டாக் உள்ளிட்ட பாக்டீரியாக்களின் கைவண்ணம். கொதிக்கும் ஆவியில் வேகும்போது அவை இறந்துபோகின்றன. ஆக, இட்லி புளித்த உணவு, எளிதில் செரிக்கும் அருமையான உணவு. ஆனால் உயிருள்ள நுண்ணுயிரைத் தருவதில்லை. வீட்டுத் தயிரிலும் மோரிலும் நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கின்றன. எந்த வகை, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

பழைய சோற்றின் கதை இன்னும் சுவையானது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி, செரிமானத்துக்கு எளிதில் அகப்படாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு விருந்தாகிறது! விருந்தின் விளைச்சலில் ஒன்று நாம் மேலே பார்த்த ப்யூட்டிரேட். கம்பு, கேழ்வரகு, கொள்ளு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை, வாழைத்தண்டு என்று நார்ச்சத்துக்கு நம் சமையலறையில் பஞ்சமா என்ன?

ஒரு முக்கியமான குறிப்பு. மூச்சுத்திணறல் உள்ளவர்கள் நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சை இன்னும் சிரமப்படுத்தும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மூன்று வேளை வயிறு முட்ட உண்பதைவிட, சிறிது சிறிதாகப் பல வேளை உண்பது நல்லது.

புகையை விட்டால் குடலும் மாறும், தெரியுமா?

சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் புகைப்பதை நிறுத்தியவர்களின் மலத்தை 2013-ல் ஆராய்ந்தார்கள். சில வாரங்களிலேயே குடல் பாக்டீரியாக்களின் கலவை மாறி, அவற்றின் பல்வகைமை கூடியிருந்தது! சிகரெட்டை அணைத்த செய்தி நெஞ்சோடு நிற்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேர்கிறது.

இத்தனை அதிசயங்களும் சேர்ந்து சொல்வது இதுதான். நெஞ்சின் நோயை நெஞ்சோடு நிறுத்திப் பார்த்த காலம் போய்க்கொண்டிருக்கிறது. குடலின் நுண்ணுயிர்களைப் பேணுவதும் ஒருநாள் சிஓபிடி சிகிச்சையின் பகுதியாகலாம். எந்த நுண்ணுயிர், எந்த நோயாளிக்கு, எவ்வளவு நாள் என்று ஆய்வுக்கூடங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. அதுவரை இன்ஹேலரை ஒரு வேளையும் விட்டுவிடாதீர்கள். புகையை விடுங்கள், விறகடுப்பு இருந்தால் மாற்றுங்கள், ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள், மூச்சுப் பயிற்சியைத் தொடருங்கள். அடுத்த முறை நுரையீரல் டாக்டரைப் பார்க்கும்போது, "டாக்டர், நான் என்ன சாப்பிட வேண்டும்?" என்று மறக்காமல் கேளுங்கள். சாப்பாட்டுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு என்று வீட்டில் யாராவது கேட்டால், பதில் சொல்ல இப்போது உங்களிடம் கதைகள் இருக்கின்றன!